காலி மேடை: இருபது கிலோ

புளியரையில் மழை. இரவு ஒன்றேகால்.
எஸ் வளைவில் ஒரு டாரஸ் படுத்துக்கொண்டதால்
மேலே ஆரியங்காவு வரை வண்டிகள் நிற்கின்றன.
எடை போட இன்றைக்கு யாரும் வரப்போவதில்லை.
நாகூர்கனி அண்ணாச்சி சாவியை என்னிடம் போட்டுவிட்டுத்
தென்காசிக்குப் போய்விட்டார்.

மேசைமேல் இருக்கும் கணினியை நான் தொடமாட்டேன்.
அது சீட்டு அடிக்கிறது, அதற்கு முத்திரை இருக்கிறது.
மேசைக்கு அடியில், சிமென்ட் சாக்கின் மேல்,
என் ஜென்டூ.
பழைய இரும்புக்கடையில் ஆயிரத்து நானூறு.
மூடி கிடையாது. பல்லி ஒன்று உள்ளே போய் வரும்.

எடைக்கருவியோடு பேசுகிற நிரலுக்குப்
புதிய பதிப்பு வந்து ஏழு வாரம்.
கேட்டால் தர மாட்டேன் என்கிறது:
மறைக்கப்பட்டுள்ளது.
கீழே ஒரு தேதி, யாரோ ஒருவரின் முதலெழுத்துகள்,
இரண்டு வரிக் காரணம்:
'சோதனைக்காக. சிறிய எடைகளில் விசித்திரம்.
தெரிந்து செய்பவர் திறந்துகொள்ளலாம்.'

தெரிந்து செய்பவர்!
சோதனைச்சாவடியில் இப்படி ஒரு பலகை வைத்தால்
எத்தனை வண்டி நிற்கும்?

கோப்பைத் திறந்தேன். ஒரே வரி.
தொடக்கத்தில் சமக்குறி: இந்தப் பதிப்பு மட்டும்,
பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிற எதற்கும் அனுமதி இல்லை.
அடுத்த கோப்பில் ஒரு அலைக்குறி.
நேராகப் படுக்க மனமில்லாத கோடு அது.
இந்த மலைப்பாதையை யாரோ
ஒரு எழுத்தளவுக்கு மடித்துவைத்ததுபோல.

வரச்சொன்னேன். வரவில்லை.
தன்னோடு இன்னொருவரும் வரவேண்டுமாம்,
அவரும் மறைப்பில்.
அவரை அவிழ்த்தால் அவருக்கு ஒரு மைத்துனர்.
பிஜுமோன் இப்படித்தான். புனலூருக்குத் தக்காளி ஏற்றினால்
கிளீனர், கிளீனரின் தம்பி, தம்பியின் கோழிக்கூடை,
எல்லாம் என் மேடையில் ஏறி நிற்கும்.
இறங்கச் சொன்னால்
'அதும் தக்காளி தன்னெ, சேச்சி' என்பான்.

இரண்டு மணிக்குத் தொகுக்கத் தொடங்கியது.
படிக்க முடியாத வேகத்தில் வரிகள்.
மின்சாரம் இரண்டு தடவை கண்சிமிட்டியது.
நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்,
இன்வெர்ட்டர் மற்றதைப் பிடித்துக்கொண்டது.
டீக்கடை பூட்டு.
பல்லி வெளியே வந்து
சூட்டில் கால் மாற்றி மாற்றி நின்றது.
நாலரைக்கு முடிந்தது. பிழை ஒன்றும் இல்லை.

கேபிளைப் பிடுங்கி மேசைக்கு அடியில் செருகினேன்.
திரையில் 20.

மேடை காலி.
அணைத்துப் போட்டேன், 20.
மேசைமேல் உள்ளதில் செருகினால் 0.
என்னுடையதில் 20.
சரி, இதுதான் அவர் சொன்ன விசித்திரம்.
உட்கார்ந்து புகார் எழுதினேன்:
பதிப்பு எண், கருவியின் பெயர்,
'மேடையில் எதுவுமே இல்லாதபோது' என்பது வரை.

எதுவுமே என்ற சொல் உறுத்தியது.
டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.
மேடையின் தூர மூலையில்,
தகரக் கூரை மழையை மறைக்கிற ஒன்றரை அடியில்,
சாவடிக்காரர்கள் மீன்முள் போடுகிற செம்பட்டை நாய்
வாலுக்குள் மூக்கை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

மூன்று வருஷமாய் அது அங்கேதான் தூங்குகிறது.
மூன்று வருஷமாய் பூஜ்யம்.

எழுப்பவில்லை. திரும்பிவந்து
கடைசி வரியை அழித்தேன்.
அந்த முதலெழுத்துக்காரருக்கு இதை எப்படி எழுதுவது?
உங்கள் பிழை எனக்கும் வருகிறது,
அதற்கு நாலு கால்.

மேலே, வளைவில், முதல் வண்டி கியர் மாற்றும் சத்தம்.
போய் நானும் மேடையில் ஏறி நின்று
ஜன்னல் வழியே குனிந்து பார்த்தேன்:
80.
நாய் ஒரு கண்ணைத் திறந்து மூடியது.
ஈரச் செருப்பைக் கழற்றித் தரையில் வீசினேன்.
80தான்.